யன்னல் பக்கம் திருப்பிய நாற்காலி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் துவாரகன் ஹெலனாக இருந்தான்.

ஹெலன் அறுபத்திரண்டு வயது வெள்ளைக்காரி. நரைத்த கூந்தலைப் பின்னால் முடிந்து, கழுத்தில் சின்ன முத்துமாலை அணிந்திருப்பாள். ஸ்காபரோவில் துவாரகன் வேலை செய்த மனநல ஆலோசனை நிலையத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் முகப்பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவளைத்தான் கேட்டார்கள். உண்மையான ஹெலன் ஓய்வுபெற்று எங்கோ ஓர் ஏரிக்கரையில் தோட்டம் செய்வதாகச் சொன்னார்கள். முகத்தை மட்டும் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

துவாரகனுக்கும் ஆலோசனைக்கு வந்தவருக்கும் நடுவே உருவாடி நின்றது. ஆள் உயரக் கண்ணாடி. துவாரகன் இருந்த பக்கத்தில் அது வெறும் கண்ணாடிதான். எதிரே இருப்பவர் அப்படியே தெரிவார். எதிரே இருப்பவருக்கோ, அவர் பட்டியலில் தேர்ந்தெடுத்த முகம் தெரியும். துவாரகன் தலையசைத்தால் ஹெலன் தலையசைப்பாள். அவன் இருமினால், இரண்டு விரலால் வாயை மறைத்து அவள் நாகரிகமாக இருமுவாள். அவன் சொல்வது அவளுடைய குரலில் போய்ச் சேரும்.

அன்றைக்கு வந்தவர் பரராசசேகரம். பாண் சுடும் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவர். மகன் வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதமாகிறது, தொலைபேசியை எடுப்பதில்லை. விண்ணப்பப் படிவத்தில் ‘விரும்பாத முகம்’ என்ற கட்டத்தில் அவர் தமிழர் என்று எழுதியிருந்தார். துவாரகனுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. தமிழ் ஆலோசகரிடம் வாயைத் திறந்தால் அடுத்த கலியாண வீட்டில் கதை வந்து நிற்கும் என்று பயந்தவர்கள் நிறையப் பேர்.

அவர் ஆங்கிலத்தில் மெல்ல மெல்லச் சொன்னார். மகனுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று சொல்ல வந்த இடத்தில் ஆங்கிலம் தீர்ந்துபோனது. கையைப் பிசைந்தார். பிறகு தலையைக் குனிந்து தனக்குத்தானே தமிழில் சொல்லிக்கொண்டார்.

“அவன் சின்னனா இருக்கேக்க நான் அவன்ர பக்கம் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. ரெண்டு வேலை. இதை இவளுக்கு எப்பிடிச் சொல்லுறது? இவளுக்கு எங்க விளங்கப்போகுது.”

விளங்குது ஐயா. அந்த இரண்டு சொல்லும் துவாரகனின் நாக்கு நுனிவரை வந்து நின்றன. ஆனால் ஹெலனுக்குத் தமிழ் தெரியாது. வந்தவர் தேர்ந்தெடுக்காத மொழியில் உருவாடி பேசாது. பேச முயன்றால் அமர்வை நிறுத்திவிட்டு இயக்குநருக்கு அறிவிக்கும். துவாரகன் மூச்சை இழுத்து விட்டான். உங்கள் மௌனத்தை நான் மதிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னான். ஹெலன் அதை இன்னும் மென்மையாகச் சொன்னாள்.

பரராசசேகரம் மரியாதைக்குச் சிரித்தார். ஐம்பது நிமிடம் முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் தன் தொப்பியை மறந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனதைத் துவாரகன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபடியே பார்த்தான்.

அவன் நடைபாதைக்கு வந்தபோது மூன்றாம் அறைக்குள்ளிருந்து அவனுடைய குரலே கேட்டது. அப்பாவைப்பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்றது. நிதானமான, கொஞ்சம் அடித்தொண்டைக் குரல். துவாரகனின் முகத்தை அணிந்து அந்த நேரம் உள்ளே இருந்தவள் ஜோவான். நாட்டின் மேற்குக் கரையோரத்தில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பெண்; நல்லவள். ஐந்தாம் அறையிலும் அவன் குரல் கேட்டது. அங்கே யார் இருந்தார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

சம இருப்புச் சட்டம் வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. கறுப்பின ஆண்களும் தெற்காசிய ஆண்களும் ஆலோசனைக்கு வருவதே அபூர்வம், வந்தாலும் இரண்டாம் முறை வருவதில்லை, எதிரே தங்களைப் போன்ற ஒருவனையும் காணாததுதான் காரணம் என்று அப்போது நாடு முழுவதும் பேசினார்கள். அது பொய்யும் இல்லை. துவாரகன் படித்த வகுப்பில் அறுபது பேரில் வெள்ளையர் அல்லாத ஆண் அவன் ஒருவன்தான். ஒவ்வொரு நிலையத்திலும் ஆலோசனை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அப்படிப்பட்ட ஆண்களின் முன்னிலையில் நடக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது. ஆட்களைத் தேடிப் பயிற்றுவிக்க ஆறு வருடம் பிடிக்கும். உருவாடி ஆறு கிழமையில் வந்து இறங்கியது.

முகம் கொடுக்கும்படி துவாரகனைக் கேட்டபோது அவன் பெருமைப்பட்டான் என்பதுதான் உண்மை. இரண்டு கிழமை கழுத்துப்பட்டி கட்டி, நெற்றி சுருங்காமல், முதுகை வளைக்காமல் ஒளிப்பதிவுக் கூண்டுக்குள் இருந்தான். ஊர்ப் பெயரைக் கெடுக்கக்கூடாது என்ற எண்ணம். ஒப்புதல் படிவம் நாற்பத்தொரு பக்கம். ஒரு கட்டமும் விடாமல் நிரப்பினான். முப்பத்தேழாம் பக்கத்தில், சிறந்த அமர்வுகளைக் கொண்டு முகத்தை மேம்படுத்தும் உரிமை நிலையத்துக்கு உண்டு என்று இருந்தது. மேம்படுத்துவது நல்லதுதானே என்று அதிலும் சுருக்கொப்பம் இட்டான்.

படிவம் நிரப்புவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஒன்பது வயதில் அகதிக் கோரிக்கையின் மேல்முறையீட்டுப் படிவத்தை அப்பாவுக்காக நிரப்பியவன். பிறகு மாமாவுக்கு, மாமாவின் சகலனுக்கு, கீழ்மாடிக் குடும்பத்துக்கு. வெறுமையான கட்டம் ஒன்று இருந்தால் அதைக் காட்டியே திருப்பி அனுப்புவார்கள் என்று அந்த வயதிலேயே தெரிந்துகொண்டான். ஒழுங்காக, விவரமாக, அழகான கையெழுத்தில் நிரப்பிய படிவத்துக்குத் திறக்காத கதவு இல்லை என்பது அவனுக்கு மதம் மாதிரி.

அந்த மதத்தை நம்பித்தான் டெஸ்மண்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

டெஸ்மண்ட் மார்க்கம் சாலையில் முடிவெட்டும் கடை வைத்திருந்தான். பெற்றோர் ஜமேய்க்காவில் இருந்து வந்தவர்கள். நாற்பத்தாறு வயது, பெரிய தோள், அந்தத் தோளுக்குக் கொஞ்சமும் பொருந்தாத மெல்லிய விரல்கள். துவாரகனுக்குப் பதின்மூன்று வருடமாக முடி வெட்டுகிறவன். ஆலோசகனாக இருந்த அத்தனை வருடத்திலும், ஆலோசனை என்றால் என்னவென்று துவாரகன் கண்ணால் கண்டது அந்தக் கடையில்தான்.

யாராவது பாரத்தோடு வந்து உட்கார்ந்தால் டெஸ்மண்டுக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரியும் என்று கேட்டால் பிடரியைத் தொட்டால் தெரியும் என்பான். உடனே நாற்காலியைக் கண்ணாடியில் இருந்து விலக்கித் தெருவைப் பார்த்த யன்னல் பக்கம் திருப்புவான். பேருந்து போகும், நாயைப் பிடித்துக்கொண்டு ஆள் போகும், பனி கரைந்து ஓடும். டெஸ்மண்ட் பின்னால் நின்று வெட்டிக்கொண்டே இருப்பான். வந்தவன் பேசத் தொடங்கித் தடுமாறி நின்றால், சீப்பால் நாற்காலியின் முதுகில் இரண்டு தரம் தட்டுவான். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், சொல் என்று அர்த்தம்.

“முகத்தைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ஆண்பிள்ளை நல்லாயிருக்கிறேன் என்றுதான் சொல்வான்” என்று ஒருமுறை சொன்னான். “தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். தெருவைக் காட்டு, பேசுவான்.”

அவன் கடைக்குப் பதினொரு வருடம் வந்துகொண்டிருந்த கிளைவ் என்ற பேருந்து ஓட்டுநர், ஒரு வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிடக் கட்டையாக வெட்டச் சொல்லி வெட்டிக்கொண்டு போய், அன்றைக்கே தன் உயிரை முடித்துக்கொண்டான். பிடரியைத் தொட்டபோதே டெஸ்மண்டுக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியைத் திருப்பவும் செய்தான். அதற்குமேல் என்ன கேட்கவேண்டும் என்று தெரியவில்லை. அடுத்த வருடம் படிக்கச் சேர்ந்தான். பகலில் கடை, மாலையில் வகுப்பு. ஆறு வருடத்தில் ஆலோசகர் தேர்வில் தேறினான்.

தேறினால் போதாது. அங்கீகாரம் பெற்ற நிலையம் ஒன்றில் ஆயிரம் மணி நேரம் பயிற்சி இருந்தால்தான் உரிமம் கிடைக்கும். தேர்வு முடிவு ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். டெஸ்மண்டின் ஐந்தாவது வருடம் வருகிற பங்குனியோடு முடிகிறது. அதற்குள் எங்காவது பயிற்சி இடத்தில் சேராவிட்டால் முதலில் இருந்து தொடங்கவேண்டும். இனி அதற்குத் தெம்பு இல்லை என்று அவனே சொல்லிவிட்டான்.

துவாரகன் அவனுக்காக மூன்று தரம் நிலையத்துக்கு விண்ணப்பம் எழுதினான். மூன்றும் ஒரே பதிலோடு திரும்பின. வெள்ளையர் அல்லாத ஆண்களின் பங்கு இந்த நிலையத்தில் ஏற்கெனவே நூற்றுக்கு முப்பத்தொன்று; சட்டம் கேட்டதைவிட அதிகம்; எனவே அந்தப் பிரிவில் புதிய பயிற்சி இடம் இல்லை.

முப்பத்தொன்றும் துவாரகனின் முகம்தான்.

நான்காவது தரம் அவன் விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இயக்குநர் மார்ஜரியின் அறைக்கே போனான். மார்ஜரி தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவள் கோபப்படுகிறவள் இல்லை. அதுதான் அவளோடு பேசுவதில் உள்ள கஷ்டம். துவாரகன் சொன்னதையெல்லாம் குறிப்பெடுத்தாள். நிலையத்தில் வேலை செய்யும் வெள்ளையர் அல்லாத ஆண் தான் ஒருவன்தான் என்று அவன் சொன்னபோது, ஆனால் நீங்கள் தினமும் எட்டு அறையில் இருக்கிறீர்களே என்றாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள்.

தான் பெரும்பாலும் ஹெலனாகத்தான் இருக்கிறேன் என்று துவாரகன் சொன்னான். தன்னைக் கேட்டு வருகிறவர்களுக்குத் தன்னைக் கொடுக்காமல் ஜோவானைக் கொடுக்கிறீர்கள், தமிழரைத் தனக்குக் கொடுத்துவிட்டுத் தமிழ் பேசாதே என்கிறீர்கள் என்றான். மார்ஜரி பொறுமையாக விளக்கினாள். யார் எந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது என்பதை நேர அட்டவணைதான் முடிவுசெய்கிறது. அது நிறம் பார்ப்பதில்லை. அதுதான் அதன் சிறப்பு.

“அப்போ டெஸ்மண்ட்?”

“அவரையும் உங்களையும் போன்றவர்களுக்கான தேவை இருந்த காலம் ஒன்று இருந்தது, துவா” என்றாள். ஏழு வருடமாக அவள் அவன் பெயரை அந்த இடத்தோடு நிறுத்திவிடுவாள். “அந்தத் தேவையை நீங்கள்தான் தீர்த்து வைத்தீர்கள்.”

துவாரகன் தேநீரைக் குடிக்காமல் எழுந்தான். கோப்பை தட்டில் மோதிச் சத்தம் எழுப்பியது. மார்ஜரி அதையும் குறித்துக்கொண்டாள். அடுத்த நாள் கடிதம் வந்தது. அவனிடம் தொழில்சார்ந்த களைப்பின் அறிகுறிகள் காணப்படுவதால், உரிமத்தைப் புதுப்பிக்குமுன் அவனே ஓர் ஆலோசனை அமர்வுக்கு வரவேண்டும். எந்த முகம் வேண்டும் என்பதை அவன் விரும்பியபடி தேர்ந்தெடுக்கலாம்.

வீட்டில் அதை வாசித்துக் காட்டியபோது மனைவி சாம்பவி முதலில் சிரித்துவிட்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“போய்ச் சொல்லுங்கோவன். எனக்கும் ஒண்டும் சொல்லுறியள் இல்லை” என்றாள்.

சொல்ல என்ன இருக்கிறது, உன் கவலை எனக்கு விளங்குகிறது என்றெல்லாம் அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். அவள் கையைக் காட்டி மறித்தாள்.

“என்னப்பா, அந்த வெள்ளைக்காரி மாதிரித் தலையைச் சரிச்சுக்கொண்டு என்னோட கதையாதேங்கோ. பாக்கப் பயமாக் கிடக்கு.”

அவனுக்குத் தலை சாய்ந்திருந்ததே தெரியவில்லை.

சனிக்கிழமை முடிவெட்டப் போனபோது கடைக் கதவில் புது அட்டை தொங்கியது. இனிப் பிற்பகலில் மட்டும் என்றிருந்தது. காலையில் எங்கே போகிறாய் என்று துவாரகன் கேட்டான். ஒரு வேலை கிடைத்திருக்கிறது, யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று டெஸ்மண்ட் சொன்னான். அவன் கை பிடரிக்குப் போனது. பிறகு, “டொக்டர், உன் தலை இன்றைக்குக் கனமாக இருக்கிறது. முடியை வெட்டினால் குறைகிற கனமாகத் தெரியவில்லை” என்றான். நாற்காலியைத் திருப்பினான். ஆனால் அன்றைக்குத் துவாரகனால் பேச முடியவில்லை. நான்காவது விண்ணப்பமும் திரும்பிவிட்டது என்பதை டெஸ்மண்டிடம் எப்படிச் சொல்வது என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அமர்வுக்கான படிவத்தில் வெள்ளையர் அல்லாத ஆண், தெற்காசியர், தமிழர் என்று கோபத்தோடு நிரப்பினான். பட்டியலில் அப்படி இருந்தது ஒரே ஒரு முகம்.

புதன்கிழமை காலை ஏழாம் அறையில், முதல்தடவையாக உருவாடியின் மற்றப் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணாடி ஒளிர்ந்தது. எதிரே அவனே இருந்தான். ஏழு வருடம் இளையவன், கழுத்துப்பட்டி கட்டியவன், நெற்றியில் ஒரு கோடும் இல்லாதவன். கலியாண வீட்டுப் படத்துக்கு நிற்கிற மாதிரி விறைத்துக்கொண்டிருந்தான்.

“வணக்கம். எப்படி இருக்கிறீர்கள்?”

“நல்லாயிருக்கிறேன்” என்றான் துவாரகன்.

இது ஜோவானாக இருந்தால் இந்நேரம் கையேட்டில் உள்ள இரண்டாம் கேள்வி வந்திருக்கும் என்று துவாரகன் நினைத்தான். ஒரு நிமிடம் போனது. கேள்வி வரவில்லை. எழுந்து போய்விடலாமா என்று அவன் கதவைப் பார்த்தபோது அவனுடைய குரல் மெதுவாகச் சொன்னது.

“நாற்காலியை யன்னல் பக்கம் திருப்புங்களேன். என்னைப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை.”

ஒரு பெயர் துவாரகனின் வாய்வரை வந்தது.

கேட்கக்கூடாது. பின்னிருப்பவரின் பெயரைச் சொன்னாலோ கேட்டாலோ அந்த நிமிடமே அவர் வேலை போய்விடும். பின்னிருப்பவர் என்பது நிலையம் ஒரு வருடத்துக்குமுன் தொடங்கியிருந்த வேலை. தேர்வில் தேறி, உரிமம் இல்லாதவர்களை மணித்தியாலக் கணக்கில் எடுத்து, அதிகம் கேட்கப்படும் முகங்களுக்குப் பின்னால் இருத்துவார்கள். அவர்கள் பெயர் எங்கும் வராது. அந்த நேரம் பயிற்சியாகவும் கணக்கில் சேராது.

அவன் எழுந்து நாற்காலியைத் திருப்பினான். யன்னலுக்கு வெளியே வாகனத் தரிப்பிடம். ஒரு பெண் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அவளைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினான். தமிழில் இல்லை, ஆங்கிலத்தில். பின்னால் இருப்பவருக்கு நேராகப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக. வீட்டில் தலை தானாகச் சாய்வதைச் சொன்னான். நடைபாதையில் தன் குரல் கேட்கும்போது ஒதுங்கி வழிவிடுகிறேன் என்று சொன்னான். ஒருவர் தன் எதிரே இருந்து, இவளுக்கு எங்கே விளங்கப்போகிறது என்று சொன்னதைச் சொன்னான். “விளங்குது ஐயா. அவ்வளவுதான் நான் சொல்லியிருக்கவேண்டும். எங்கள் மொழியில் இரண்டு சொல்” என்று சொல்லும்போது குரல் உடைந்து நின்றுவிட்டது.

பின்னால், மரத்தில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு தரம்.

துவாரகன் அழுதான். அந்தப் பெண் பனியைச் சுரண்டி முடித்துக் காரை எடுத்துக்கொண்டு போகும்வரை அழுதான். பிறகு, தன் நண்பன் ஒருவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நான்கு தரம் தோற்றுப்போனதையும் சொன்னான். கடைசியில் அவனுடைய குரலே, அந்த நண்பனுக்கு அது தெரிந்திருக்கும் என்று சொன்னது.

அமர்வு முடிந்ததும் கருத்துப் படிவம் வந்தது. துவாரகன் அதை வீட்டுக்கு எடுத்துப்போனான். பின்னிருப்பவர்களுக்கான விதிகளை அவன் வரிக்குவரி வாசித்திருந்தான். அமர்வுக்கு முழுப் புள்ளியும் கிடைத்து, எது உதவியது என்பதற்குத் தெளிவான காரணமும் எழுதப்பட்டிருந்தால், அந்தப் பின்னிருப்பவரைப் பயிற்சி ஆலோசகராக எடுப்பதுபற்றி நிலையம் பரிசீலிக்கலாம். பங்கு நிரம்பியிருக்கிறது என்ற சாக்கு அந்த விதிக்குப் பொருந்தாது. நான்கு வருடத்தில் அவன் கண்ட ஒரே திறந்த கதவு.

குசினி மேசையில் இருந்து மூன்று மணி நேரம் எழுதினான். சாம்பவி கொண்டுவந்து வைத்த தோசை ஆறிப்போனது. பெயர் சொல்லாமல், சொல்லக்கூடிய எல்லாவற்றையும் சொன்னான். நாற்காலி எத்தனை பாகை திரும்பியது. அதற்குமுன் எவ்வளவு நேரம் மௌனம். எந்த வார்த்தைகள், எந்தத் தொனி. மரத்தில் தட்டிய ஓசை, எந்த இடத்தில், எத்தனை தரம், ஏன் அது ஒரு கேள்வியைவிட நல்லது. முகத்தைப் பார்க்காதபோது ஆண்கள் ஏன் பேசுகிறார்கள். தமிழ் ஆணுக்கு எந்த இரண்டு சொல் போதும். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடவில்லை. அனுப்பிவிட்டு வந்து படுத்தபோது, நெடுநாளைக்குப் பிறகு நித்திரை வந்தது.

பன்னிரண்டாம் நாள் திங்கட்கிழமை, அவன் வேலைக்குப் போனபோது நடைபாதையில் பழைய நாற்காலிகள் அடுக்கப்பட்டிருந்தன. அறைகளுக்குள் சுழலும் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மூன்றாம் அறையைத் தாண்டும்போது அவன் குரல் சொன்னது: நாற்காலியை யன்னல் பக்கம் திருப்புங்களேன். ஐந்தாம் அறையிலும் சொன்னது. ஆறாம் அறையில், பிறகு ஏழாம் அறையில். எல்லாம் ஒரே தொனியில், அதற்குமுன் ஒரே அளவு மௌனத்தோடு.

இரண்டாம் அறைக் கதவின் சின்னக் கண்ணாடியால் பார்த்தான். பரராசசேகரம் இருந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்து, தமிழில், நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். எந்த முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை என்று ஆனபிறகு தமிழ் முகத்தின்மேல் அவருக்குப் பயம் போயிருக்கவேண்டும். ஓரிடத்தில் அவர் குரல் தடுமாறி நின்றது. மரத்தில் இரண்டு தரம் தட்டும் சத்தம் கேட்டது.

“விளங்குது ஐயா” என்றது துவாரகனின் குரல்.

கிழவர் தோளைக் குலுக்கி அழுதார். துவாரகன் ஓடிப்போய்ப் பின்னறையின் கதவைத் திறந்தான். டெஸ்மண்ட் அங்கே இருப்பான் என்று எண்ணினான். உருவாடியின் பின்பக்கம் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. நாற்காலி வெறுமையாக இருந்தது. அதன்மேல் யாரோ ஒரு மேலங்கியைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

மார்ஜரி அவனைத் தன் அறையில் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். இப்படி ஒரு கருத்துப் படிவத்தை இருபது வருடத்தில் பார்த்ததில்லை என்றாள். வழக்கமாக முழுப் புள்ளியை மட்டும் போடுகிறார்கள். ஏன் என்று எழுதுவதில்லை. உருவாடிக்குக் கற்றுக்கொள்ள எதுவும் கிடைப்பதில்லை. இந்தமுறை ஒரு கிழமையில் கற்றுவிட்டது. அந்த முகத்துக்கு இனிப் பின்னிருப்பவரே தேவையில்லை. முப்பத்தேழாம் பக்கத்தை அவள் மேசையில் விரித்து வைத்திருந்தாள். அவனுடைய சுருக்கொப்பம் அழகாக இருந்தது.

பின்னால் இருந்தவர் எங்கே என்று கேட்டான். பின்னிருப்பவர்களைப்பற்றிப் பேசுவது விதிக்கு முரண் என்று மார்ஜரி மெதுவாக நினைவூட்டினாள். பரிசீலித்தோம், ஆனால் செய்யவேண்டிய வேலை இல்லாத இடத்துக்கு ஆளை எப்படி எடுப்பது என்று கேட்டாள். இது எல்லா நிலையங்களுக்கும் போகிறது என்றும் சொன்னாள். வெள்ளையர் அல்லாத ஆண்களின் பங்கு நாற்பத்துநாலுக்கு ஏறிவிட்டது. சட்டகமிட்ட ஒரு சான்றிதழை அவன் கையில் கொடுத்தாள். ‘துவாரகன் முறை’ என்று அதில் பொன்னெழுத்தில் இருந்தது. இந்தமுறை பெயரை முழுவதுமாகப் போட்டிருந்தார்கள்.

பங்குனி கடைசிச் சனிக்கிழமை பிற்பகல் அவன் மார்க்கம் சாலைக்குப் போனான். கடைக் கதவில் பழைய நேர அட்டை திரும்பி வந்திருந்தது. காலை ஒன்பதில் இருந்து. டெஸ்மண்ட் ஆள் இல்லாத நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வாழ்த்துகள் டொக்டர். பேருந்தில் உன் படம் ஒட்டியிருக்கிறார்கள்” என்றான்.

துவாரகன் உட்கார்ந்தான். டெஸ்மண்ட் துணியை உதறிக் கழுத்தில் கட்டினான். துவாரகன் படிவத்தைப்பற்றிச் சொல்லத் தொடங்கினான். விதியைப்பற்றி, பரிசீலனையைப்பற்றி, தான் எதற்காக அவ்வளவு எழுதினேன் என்பதைப்பற்றி. டெஸ்மண்ட் கேட்டுக்கொண்டு நின்றான்.

“எல்லாக் கட்டத்தையும் நிரப்பினாயா?”

“நிரப்பினேன்.”

டெஸ்மண்ட் தலையை ஆட்டினான். அவன் கை பிடரியைத் தொட்டது. தொட்ட கை பழக்கத்தில் நாற்காலியின் முதுகுக்குப் போய் அதை யன்னல் பக்கம் திருப்பியது. பாதி திரும்பியதும் நின்றது. தெருவில் ஒரு பேருந்து போனது. துவாரகன் காத்திருந்தான்.

பிறகு நாற்காலி மெதுவாகத் திரும்பி வந்தது, கண்ணாடிக்கு நேராக. கண்ணாடியில் துவாரகனின் முகம் இருந்தது. அதற்குப் பின்னால், மேலே, டெஸ்மண்டின் முகம்.

“எவ்வளவு குறைக்க?” என்றான் டெஸ்மண்ட், முதல்முறை வந்த ஆளிடம் கேட்பதுபோல. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டே, “எப்படி இருக்கிறாய்?” என்றும் கேட்டான்.

கண்ணாடியில் இருந்த முகம், நல்லாயிருக்கிறேன் என்றது.